பசியும் உடல் எடையும்

பசியையும் உடல் எடையையும் ஆள்வது மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ். இரைப்பை, குடல், கணையம், உடற்கொழுப்பு ஆகியவை இரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் தம் நிலையை இதற்குத் தெரிவித்தபடி இருக்கின்றன.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை எடுத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பது. சாப்பிடுமுன் வெறும் வயிற்றில் கிரெலின் உயர்ந்திருக்கும். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த ஹார்மோன்தான் மூளையின் பசி நரம்பணுக்களைத் தூண்டுகிறது. இட்லி உள்ளே போனதும் அது தணியும். நெய்யும் உளுந்தின் புரதமும் சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கும். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜி.எல்.பி.-1 வரும், அரிசி தரும் குளுக்கோஸுக்காகக் கணையம் இன்சுலினை விடும். மூன்றும் சேர்ந்து 'போதும்' என்கின்றன. ஆனால் மிளகும் நெய்யும் மணக்கும்போது டோபமின் கிளப்பும் ஆசை வேறு. வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு துண்டுக்குக் கை நீள்வது அதனால்தான்.

ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கு இது. நெடுநாள் கணக்கை வைத்திருப்பது லெப்டின். கொழுப்பணுக்கள் சுரக்கும் இதை 1994இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகளுக்கு அடங்காப் பசி. ஊசியாக அதைச் செலுத்தியதும் பசி தணிந்தது. உடல் பருத்த பெரும்பாலோரிடம் லெப்டின் ஏராளம், மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பட்டினி கிடந்து இளைத்தாலோ லெப்டின் சரிந்து, பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி மூளை பசியைக் கூட்டுகிறது. இளைத்தவர் மீண்டும் பருத்தால் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பழிப்பது அநியாயம்.

தூக்கமும் இதில் சேரும். இரண்டு இரவுகள் 4 மணி நேரமே படுக்க விட்ட இளைஞர்களிடம் லெப்டின் குறைந்து கிரெலின் கூடியதை 2004இல் வெளியான சிகாகோ ஆய்வு காட்டியது. முகூர்த்தப் புடவைக்காக இரவிலும் தறியில் அமரும் நெசவாளருக்கு இது பொருந்தும்.

ஒல்லியாகத் தெரிவதை நம்பியும் இருக்க முடியாது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, உடற்கொழுப்போ இந்தியருக்கு 21.2 சதவீதம், ஆங்கிலேயருக்கு 9.1. இத்தகைய வேறுபாட்டால்தான் இந்தியருக்குக் குறியீடு 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன் என 2009இல் வரையறுத்தனர்.

ஜி.எல்.பி.-1 போலச் செயல்படும் செமாகுளுட்டைடு ஊசி எடைக் குறைப்புக்காக 2025இல் இந்தியாவுக்கு வந்தது. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டிய மருந்து இது. நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.