கல்லாங்குத்து

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும். கல்வட்டத்துக்கு அடியில் பொன் இருக்கிறதென்று நம்புகிறவர்கள் தொல்லியல் கட்டுரைகளை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். செங்கத்துக்கும் தண்டராம்பட்டுக்கும் நடுவில், தென்பெண்ணைப் பக்கம் ஒதுங்கிய ஒரு கரட்டடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மேல்பாரம் தேய்ந்துபோனதில் வெங்காயச் சருகு போலப் பாளம் பாளமாக உரிந்து நிற்கிறது. இரும்புக்காலத்து மனிதர்கள் இதை உடைத்திருக்க வேண்டியதில்லை. உரிந்து நின்றதை நெம்பினாலே போதும். அப்படி நெம்பிய பலகைகள்தான் கல்திட்டையாக, வட்டமாக, குத்துக்கல்லாக வட்டாரம் முழுக்கக் கிடக்கின்றன. மோட்டூரில் ஒரு கல் மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. முகமில்லை, கையில்லை, தோளை மட்டும் விரித்த ஒரு மனிதச் சாயல். தாய்த்தெய்வம் என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். முகமே இல்லாததைப் பெண் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நான் போன கரட்டடியில் அந்த மாதிரிப் பிரமாதம் ஒன்றும் கிடையாது. ஏழெட்டுக் கல்வட்டங்கள், பாதி குலைந்தவை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு குத்துக்கல். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புளியமரத்தடியில், பல நூற்றாண்டு பிந்திய ஒரு நடுகல்: வில்லேந்திய வீரன். எழுத்திருக்கிறது, படிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் ஏறியிருக்கிறது. ஊருக்கு அவன் வேடியப்பன்.

வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் இந்த இடம் முழுக்க ஒரே சொல்தான்: கல்லாங்குத்து. விதைக்கவும் ஆகாது, வரி போடவும் ஆகாது. ரயத்துவாரிக் கணக்கு நிலத்தைப் பார்த்த பார்வை அது. தீர்வை கொடுக்கும் மண், கொடுக்காத மண். செத்தவர்கள் தீர்வை கொடுப்பதில்லை, ஆகவே பதிவேட்டில் அவர்கள் இல்லை. வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லி ஆகப்போவதில்லை. மலபார்ப் பக்கத்து ஈமக்குழிகளைப் பற்றி எழுதிய பாபிங்டன் என்கிறவர் (அது 1823இல் அச்சானது) சனங்கள் சொன்ன பெயரைக் கேட்டாவது எழுதினார்: பாண்டு குழி. நம் பதிவேடு அதைக்கூடக் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அரசும் கல் நடுகிறது. சர்வே கல். அதைப் பிடுங்கினால் குற்றம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே 434ஆம் பிரிவு இருந்தது, ஓராண்டு வரை சிறை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லைப் பிடுங்கினால்? 1958இல் மத்திய அரசும் 1966இல் மாநில அரசும் தொல்லியல் சட்டங்கள் போட்டன. ஆனால் ஆணையில் பெயர் ஏறிய இடத்துக்குத்தான் காவல். ஏறாத இடம் கல்லாங்குத்து. கல்லாங்குத்து குத்தகைக்குப் போகும்.

எம்.ஏ. தமிழில் நடுகல் என்பது எனக்கு ஐந்து மதிப்பெண். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தொல்காப்பியத்தின் ஆறும் இப்போதும் தூக்கத்தில் வரும். கூடவே புறநானூற்றின் மயிற்பீலியும் கள்ளும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இப்படியொரு கல் எண்ணெய் வழிய நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 'தமிழர் வீரம்' என்ற பெருங்கதையாடலில் அந்தக் கல் ஒரு மேற்கோள், அவ்வளவே.

நடுகல் வாசகங்களை நேரடியாகப் படிக்க ஆரம்பித்ததும் மேற்கோள் கலைந்துபோயிற்று. இதே வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். வட்டெழுத்து, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. ராஜா முதலில் வருகிறார், வழக்கம்போல. அடுத்து வாணகோ அரைசர். அடுத்து அவர் மருமக்கள் பொற்றொக்கையார். இத்தனை பேரையும் தாண்டித்தான் செத்தவன் வருகிறான்: பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி. இளமகனைச் சேவகன் என்றே கொள்கிறார்கள். எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். நாடு இல்லை, கொடி இல்லை; எருமை. அதே கல்லில் இன்னொரு செய்தி: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. நாயையும் பக்கத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் உண்டு. கள்ளர் இருவருக்கும் இல்லை. அவர்கள் ஊரில் அவர்களுக்குக் கல் நட்டிருந்தால் அதில் 'தொறுக்கொண்டு பட்டான்' என்றிருக்கும், அதுவும் வீரம்தான். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லும் ஆகோளில் செத்த ஒருவனுக்கு நட்டதே. மந்தை ஒருவன் பட்டியிலிருந்து இன்னொருவன் பட்டிக்கு மாறுகிற வழியெல்லாம் சேவகர்கள் செத்துக் கிடக்கிறார்கள். நம் வீரயுகத்தின் பொருளாதாரம் இது. கருந்தேவகத்தியின் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று கல் பேசாது.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் நாட்டார் வழிபாட்டைக் கொண்டாடக் கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுக்கணும். எண்ணெய் எழுத்தைத் தின்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்தால் டைல்ஸ் ஒட்டி, சிமெண்டில் கோபுரம் எழுப்பி, வேடியப்பனைப் பெரிய சாமிகளில் ஒருவரின் அம்சமாக்கும் மேல்நிலையாக்கமும் நடக்கிறது. ஆனால் எழுத்தைத் தின்ற அதே எண்ணெய்தான் கல்லைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

மூன்றாம் முறை நான் போனபோது கரட்டடியில் சுண்ணாம்புக் கோடு கிழித்திருந்தது. குவாரிக்கு அளந்து போயிருக்கிறார்கள். கோடு வேடியப்பனை மட்டும் விட்டு வளைந்து போயிற்று. கல்வட்டங்களையும் குத்துக்கல்லையும் உள்ளே அடக்கிக்கொண்டது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயாதான் விளக்கினாள்: "சாமின்னா வுட்டுட்டுப் பூடுறானுங்க தம்பி. அத்த வெறுங்கல்லுன்றானுங்க."

ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் குத்துக்கல்லுக்கும் மஞ்சள் பூசிச் சூலம் நட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்கள். கூடவே ஒரு மனு. அதை எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

"இன்னா சாமின்னு போடறது சார்? தமிழு படிச்சிருக்கீங்களே, ஒரு பேரு சொல்லுங்க."

சாமி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இது சாமி இல்லப்பா, செத்தவங்கள வச்ச எடம், நம்ம முன்னோருங்க இடுகாடு, அப்படியே எழுதலாம் என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இடுகாடுன்னா எந்த சாதி இடுகாடுன்னு கேப்பாங்க சார்" என்றான் ஒருவன்.

பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மீதியை எழுதிக் கொடுத்தேன்.