பென்னிக் கலியாணம்

திருமண ஓலை எழுத வரும் பெற்றோரிடம் திருமுழுக்குச் சான்றையும் உறுதிபூசுதல் சான்றையும் நாம் கேட்டு முடித்தபின், அவர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பந்தியைப் பற்றியே. எத்தனை பேருக்கு இலை போடுவது? பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளலாமா, அல்லது காலைச் சிற்றுண்டியும் வேண்டுமா? கடன் வாங்கியாவது ஊரை அழைக்கவேண்டும் என்பார் தந்தை. தாயோ வாய்திறவாது நிற்பார். "அழைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதே பங்குப் பணியாளர்களாகிய நாம் வழக்கமாகத் தரும் மறுமொழி. இம்மறுமொழி மிகப் பழையது. ஒரு நாட்டில் அது சட்டமாகவே இயற்றப்பட்டது. அந்நாட்டின் ஏழை மக்கள் அதற்குச் செவிசாய்க்காமல் போனதையும் எண்ணிப்பார்ப்பது தகும்.

ஸ்காட்லாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் 'பென்னிக் கலியாணம்' என்றொரு வழக்கம் வேரூன்றியிருந்தது. பண்ணையாள் ஒருவனும் வேலைக்காரப் பெண் ஒருத்தியும் மணமுடிக்க முன்வரும்போது, விருந்திடக் கையில் பணமிராது. ஆயினும் அவர்கள் அழைப்பைச் சுருக்கவில்லை. மாறாக, ஊரையும் அண்டையூரையும் அழைத்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் தாம் உண்பதற்கும் பருகுவதற்குமாக ஒரு சிறு தொகையைக் கொடுத்தனர். பெயரளவில் அது பென்னி. நடைமுறையில் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மிகுந்தும் இருந்தது. (அக்காலத்து ஸ்காட்லாந்துக் காசு, இங்கிலாந்துக் காசில் பன்னிரண்டில் ஒரு பங்கே பெறும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.) தானியக் களஞ்சியமோ ஊர் மதுவிடுதியோ பந்தி மண்டபமாயிற்று. பார்லி இட்டுக் காய்ச்சிய இறைச்சிச் சாறு, அதில் வெந்த இறைச்சி, ஓட்ஸ் மாவு ரொட்டி, வீட்டில் வடித்த 'ஏல்' மது ஆகியவை அவ்வட்டாரத்து எளிய உணவு. பெரும் பானையில் வேகும் உணவுக்கு ஒரு நன்மை உண்டு. எதிர்பாராது பத்துப்பேர் வந்தாலும் அகப்பை தாராளம் காட்டும். பிடில் வாசிப்போனுக்கும் வந்தவர்களே காசு கொடுத்தனர். செலவுபோக மிஞ்சியது மணமக்களுக்கு. அதைக்கொண்டே அவர்கள் பாத்திரபண்டங்களும் படுக்கையும் வாங்கிக் குடித்தனம் தொடங்கினர்.

இதன் கணக்கு நம் கணக்கிற்கு நேர்மாறானது. நம் பந்தியில் கூடுதலாக விழும் ஒவ்வோர் இலையும் பெண்ணைப் பெற்றவருக்குச் சுமை. அவர்கள் பந்தியிலோ கூடுதலாக வந்த ஒவ்வோர் ஆளும் புதுக்குடும்பத்திற்கு வரவு.

ஆனால் 1560இல் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட அந்நாட்டுச் சபை இவ்விருந்துகளை ஐயத்தோடு நோக்கியது. குடிவெறி, கைகலப்பு, ஆணும் பெண்ணும் கலந்தாடுதல் என்று குருக்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகள் முற்றும் பொய்யென்று சொல்வதற்கில்லை. திருமணத்திற்குச் செல்லும் கிறிஸ்தவர்கள் ஆட்டம்பாட்டமின்றி அடக்கமாய் உண்டு வரவேண்டுமென்று 4ஆம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயா சங்கம் தன் 53ஆம் விதியில் பணித்திருந்தது. ஆகவே அக்கவலை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பங்கு மூப்பர் மன்றங்கள், ஓலை வாசிக்கும் முன்பே மணமக்களிடம் ஈட்டுப்பணம் வாங்கி வைத்தன. ஒழுங்கு மீறினால் அப்பணம் போய்விடும். எத்தனை பேர் வரலாம், தலைக்கு எவ்வளவு வாங்கலாம் என்றும் சில மன்றங்கள் வரையறுத்தன. 1645இல் சபையின் பொதுப்பேரவையே பென்னிக் கலியாணங்களைக் கண்டித்துச் சட்டமியற்றியது.

1681இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் மேலும் ஒருபடி சென்றது. திருமணம், திருமுழுக்கு, அடக்கம் ஆகியவற்றின் மட்டுமீறிய செலவைத் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம். மணமக்கள், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வீட்டார் நீங்கலாக, ஒரு பக்கத்திற்கு நான்கு நண்பர்களே வரலாம். அவர்களுடைய வேலையாட்கள் உடன்வரலாம், அவ்வளவே. செல்வர் வீட்டிற்கு இது நல்ல விதிதான். வறட்டுக் கௌரவத்திற்காக நிலத்தை அடகு வைத்த பிரபுவை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் பண்ணையாளுக்கு? அவனுக்கு விருந்து செலவே வைக்கவில்லை. எட்டுப் பேர் தரும் காசில் பானை வாங்கலாமா, படுக்கை வாங்கலாமா? எளிமையைப் போதிப்போர் யாரிடம் போதிக்கிறோம் என்று பாராமற் போனால், செல்வனின் நோய்க்கான மருந்தை ஏழையின் வாயில் ஊற்றிவிட நேரும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மணவுறவு செல்லுபடியாவதற்கு விருந்து தேவையில்லை என்பது மெய்யே. திரெந்து பொதுச்சங்கம் 1563இல் பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இருத்தல் வேண்டும் என்று மட்டுமே விதித்தது. பந்தியைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆயினும் ஏழை மணமக்கள் நாடிய சாட்சி வேறுவகையானது. தம் காசைப் போட்டு உண்ட ஊரார், அக்குடும்பம் நிலைபெறுவதில் தமக்கும் பங்குண்டு என்று உணர்ந்திருப்பர் அன்றோ?

வேல்ஸ் நாட்டிலும் இதையொத்த வழக்கம் இருந்தது. ரிப்பன் கட்டிய கோலுடன் அழைப்பாளர் ஒருவர் வீடுவீடாகச் சென்று அழைப்பார். வந்த அன்பளிப்புகள் ஏட்டில் பதியப்பட்டு, பின்னர் கொடுத்தவர் வீட்டு மணத்தில் திருப்பிச் செலுத்தப்பட்டன. நம் மொய் நோட்டை அறிந்தவர்களுக்கும், புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை அறிந்தவர்களுக்கும் இது புதுமையன்று. ஸ்காட்லாந்தின் பென்னியோ உண்ட உணவுக்கும் வாழ்த்துக்குமாகக் கொடுத்தது, கொடுத்ததோடு தீர்ந்தது. திருப்பித் தரவேண்டிய கடன் மணமக்களின் தலையில் ஏறவில்லை. இவ்விரண்டில் அதுவே மேலானது என்பது நம் கருத்து.

பேரவையும் பாராளுமன்றமும் விதித்த தடைகளையெல்லாம் கடந்து இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டையும் எட்டிற்று. 1818இல் டேவிட் வில்கி என்னும் ஓவியர், முந்திய தலைமுறையின் பென்னிக் கலியாணம் ஒன்றை வரைந்தார். பெயர்பெற்ற பிடில் கலைஞர் நீல் கோ அதில் வாசிக்கிறார்; மணமக்கள் ஆட எழுகின்றனர். அரச குடும்பத்தின் ஓவியத் தொகுப்பில் இன்றும் அது இருக்கிறது. வில்கியின் தந்தை, ஃபைஃப் மாநிலத்துக் கல்ட்ஸ் ஊரில் அதே ஸ்காட்லாந்துச் சபையின் பங்குக்குரு. மகன் வரைந்த களஞ்சியத்திலோ, சட்டம் இசைவளித்த எட்டு நண்பர்களுக்கு மிகவும் மேற்பட்டோர் நெருக்கியடித்து நிற்கின்றனர்.