க்ஷார சிகிச்சையும் மாற்றுச் சிறுநீரகமும்

சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குச் சோடியம் பைகார்பனேட் என்னும் க்ஷார உப்பை, அதாவது நம் வீட்டுச் சமையலறையில் ஆப்ப சோடாவாக இருக்கும் அதே பொருளை, ஔஷதமாக வழங்கும் வழக்கத்தின் மூலத்தைத் தேடிச் செல்வோர் வந்து சேருமிடம் காலரா நோயாளியின் படுக்கையாகும். 1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லண்டு துறைமுகத்தில் அந்நோய் பரவியபோது, அங்குச் சென்று நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி என்னும் ஐரிஷ் இளைஞர், அதில் நீரும் உப்பும் மட்டுமன்றி, இயல்பாக இருக்க வேண்டிய க்ஷாரமும் குன்றியிருந்ததைக் கண்டு வெளியிட்டார். (பிற்காலத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராகவும், இந்தியாவில் தந்தி முறையை நிறுவியவராகவும் விளங்கியவர் இவரே.)

அந்த ஆராய்ச்சியைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர், 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், மரணத் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் கையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக, உப்பும் சோடாவும் கரைத்த நீரை அவுன்ஸ் அவுன்ஸாகச் செலுத்தினார். சற்று நேரம் ஒரு மாறுதலும் தோன்றவில்லை. பிறகு மூச்சு சீர்ப்பட்டது, குழிந்த கண்கள் ஒளி பெற்றன, சில்லிட்டிருந்த கைகளில் சூடேறிற்று; அரை மணி நேரத்தில் ஆறு பைண்டு நீர் உட்சென்றதும் அம்மாது வேடிக்கையாகப் பேசவும் தொடங்கினார். ஆபத்து நீங்கிற்றென்று எண்ணி லாட்டா அகன்றார். வாந்தியும் பேதியும் திரும்பி, ஐந்தரை மணி நேரத்தில் நோயாளி இறந்துபோனார். ரத்தத்தின் குறை நிரம்பியதும் மெய்தான், அக்குறையை உண்டாக்கிய காரணம் உள்ளே அப்படியே இருந்ததும் மெய்தான் என்பதை இச்சம்பவத்தைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இச்சரித்திரத்தில் வேறில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ செல்லர்ட்ஸ் என்னும் அமெரிக்கர், மணிலாவில் காலரா நோயாளிகளுக்குச் சோடாவைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆரோக்கியமுள்ள ஒருவருக்குச் சில கிராம் அளவிலேயே சிறுநீர் க்ஷாரத் தன்மை அடைய, இவர்களுக்கோ அதைப் போலப் பன்மடங்கு தேவைப்பட்டதைக் கண்டார். சிறுநீரக அழற்சி உற்றவர்களிடமும் அதே பசி காணப்பட்டது. 1917இல் டொனால்ட் வான் ஸ்லைக் ரத்தத்தின் கரியமில வாயுவை அளக்கும் கருவியொன்றை அமைத்தளித்த பின், அதுவரை அனுமானமாக இருந்த இந்த க்ஷாரக் குறைவு, அதாவது அமில மிகுதி, எண்ணால் குறிக்கத்தக்கதாயிற்று. 1930இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஆர்தர் ஆஸ்மன், சிறுநீரக நோயில் க்ஷாரத்தின் பயனை வற்புறுத்தி எழுதினார். அடுத்த ஆண்டே எடின்பரோவிலிருந்தும் அதே கருத்து எழுந்தது. ஆயினும், மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் பாரபட்சமின்றிப் பிரித்து ஒப்பிடும் முறை அக்காலத்தில் வழக்கில் இல்லாமையால், இவர்களுடைய நம்பிக்கை நம்பிக்கையாகவே நின்று, மெல்ல மெல்ல மறக்கப்பட்டது.

அதை மீட்டெடுத்தது எலிகளின் மேல் செய்த சோதனை. உணவிலிருந்து நாள்தோறும் நம் சரீரத்தில் சேரும் அமிலத்தை அம்மோனியாவுடன் கூட்டி வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அதன் நுண்ணிய உறுப்புகளில் பல அழிந்துபோனால், எஞ்சியவை ஒவ்வொன்றும் முன்னிலும் மிகுதியாக அம்மோனியாவைச் சுரக்க வேண்டியதாகின்றது. அவ்வாறு மிகுந்த அம்மோனியா, நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென ரத்தத்திலுள்ள புரதங்களைத் தூண்டி, தன் சொந்தத் திசுவையே தாக்கச் செய்கின்றது என்றும், சோடா கொடுத்தால் அத்தாக்குதல் குறைகின்றது என்றும் 1985இல் நாத், ஹாஸ்டெட்டர் முதலியோர் எடுத்துக் காட்டினர். 2009இல் லண்டனில் 134 நோயாளிகளைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடத்திய பரீட்சையில், சிறுநீரகச் சக்தி விரைந்து குன்றியவர்கள் சோடா பெற்றோரில் நூற்றுக்கு 9 பேராகவும், பெறாதோரில் 45 பேராகவும் இருந்தமை வைத்திய உலகைப் பெரிதும் கவர்ந்தது. அப்பரீட்சையில் மற்றத் தரப்பாருக்குப் போலி மாத்திரை கொடுக்கப்படவில்லை என்ற குறையை அக்காலத்தில் பலர் பெரிதாகப் பாராட்டவில்லை. போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு, பிரிட்டனில் 60 வயது கடந்த 300 பேரிடம் நடந்து 2020இல் வெளியான பரீட்சையில் அந்த நன்மை தென்படவில்லை.

இனி, மாற்றுச் சிறுநீரகத்தின் விஷயம். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியபோது, இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாதலால், உறுப்பை உடல் தள்ளிவிடாமலிருக்க மருந்து ஏதும் வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு அம்மருந்து ஆயுட்காலமும் வேண்டும். அம்மருந்துகளுள் இன்று முதன்மை பெற்று விளங்குவது, ஜப்பானின் த்ஸுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் கிடைத்த டாக்ரோலிமஸ் ஆகும். இதுவும் இதற்கு முன்வந்த சைக்ளோஸ்போரினும், உயிரை ரட்சிக்கும் அதே வேளையில், சிறுநீரகச் சிறுகுழல்கள் அமிலத்தை வெளித்தள்ளும் ஆற்றலைத் தடுக்கவும் செய்கின்றன. ஆதலால், இரண்டுக்குப் பதில் ஒன்றாய் நிற்கும் அச்சிறுநீரகம் நன்றாக வடிகட்டிக் கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து காணலாம். தென் கொரியாவில் 2,318 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு, சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்தில் இவ்வாறு குறைந்து காணப்பட்டவர்களிடம், பொருத்திய உறுப்பை இழத்தலும் மரணமும் மிகுந்திருந்ததாகக் கூறிற்று. குறைவு தீங்கைச் செய்ததா, அன்றிச் செய்துகொண்டிருந்த தீங்கின் அடையாளமாக மாத்திரம் நின்றதா என்பது அத்தகைய கணக்கெடுப்பால் தீர்கின்ற வழக்கன்று.

தீர்க்க முயன்றது சுவிட்சர்லாந்து. அங்குச் சில பல்கலைக்கழக மருத்துவமனைகள் கூடி, மாற்றுச் சிகிச்சை பெற்று ஓராண்டேனும் ஆன, ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்கு மேற்படாத 240க்குச் சற்று மேற்பட்டோரைத் தேர்ந்து, ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 4.5 கிராம் வரை சோடாவும், மற்றோருக்குப் போலி மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தன. 2023இல் வெளிவந்த முடிவு இது: வடிகட்டும் சக்தி ஆண்டுதோறும் குறைந்த சராசரி வேகம் சோடா பெற்றோருக்கு நிமிடத்துக்கு 1.83 மில்லிலிட்டர், மற்றோருக்கு 1.86. இதை வேற்றுமை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ரத்தத்திலுள்ள எண் உயர்ந்தது. சிறுநீரகம் தன் போக்கில் சென்றது.

இதனால் க்ஷாரமே வீண் என்று முடிவுகட்டுவதும் அவசரமாகும். அப்பரீட்சையில் சேர்ந்தவர்களின் அமில மிகுதி மிதமானது; கடுமையாக மிகுந்தவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அமிலத்தைச் சமன்செய்ய எலும்பு தன் சுண்ணாம்பை இழப்பதும், தசை கரைவதும் வேறு பிரச்சினைகள். சிறுநீரகம் காப்பாற்றப்படாவிட்டாலும் இவற்றுக்காக மாத்திரை கொடுக்கப்படலாம். மறுபுறத்தில், 4.5 கிராம் சோடாவிலுள்ள சோடியம் சுமார் 3 கிராம் உப்பிலுள்ளதற்குச் சமம் என்பதை, ரத்த அழுத்தமும் கால்வீக்கமும் உள்ளவரின் வைத்தியர் மறத்தலாகாது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டி நெறி, 2012இல் பைகார்பனேட் 22க்குக் கீழே இறங்கியவுடன் மருந்தைத் தொடங்கச் சொல்லியிருந்தது. 2024இல் 18க்குக் கீழே செல்லாமல் காப்பதையே இலக்காகக் கருதும்படி தளர்ந்துவிட்டது. இடையிலுள்ள அந்த நான்கு மில்லிமோலுக்குள் வாழும் மாற்றுச் சிறுநீரகத்தார் பலருக்கு, நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளில் சிலவற்றை வைத்தியரின் சம்மதத்தோடு குறைத்துக்கொள்ள இப்போது இடமுண்டு.