ஊர்ப்பொதுவும் ஊர்த்தெய்வமும்: முத்துப்பேட்டைக் கடைமடையில் சிற்றூர்க் கோயில்களின் தோற்றமும் பராமரிப்பும்

முத்துப்பேட்டையைச் சுற்றிச் சில மைல்களுக்குள் உசாத்தானம், இடும்பாவனம், கடிக்குளம் என்று சம்பந்தர் பாடிய மூன்று சிவத்தலங்கள் உள்ளன. ஆய்வாளர் கண் இயல்பாக அவற்றின் மேல்தான் படிகிறது. அதே வயல்வெளியில், கோரையாறும் பாமணியாறும் கடலை நெருங்கும் கடைமடையில், வாய்க்கால் கரையிலும் திடலிலும் நிற்கும் பிடாரி, அய்யனார், காளி, வீரனார் கோயில்களுக்குப் பதிகம் இல்லை. அவை எந்த ஆண்டில் தோன்றின என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. எதை ஆதாரமாகக் கொண்டு நின்றன என்று சொல்ல முடியும். ஊர்ப்பொதுச் சொத்தும் அதில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் இருந்த பங்குமே அவற்றைத் தாங்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான பழைய சான்று தஞ்சைப் பெரிய கோயிலிலேயே இருக்கிறது. முதலாம் ராஜராஜன் (985–1014) அக்கோயிலுக்கு அளித்த ஊர்களைக் குறிக்கும் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு, சேரி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் பிடாரி, காடுகாள், சேட்டை, ஐயன் கோயில்களும் வருகின்றன. அரசன் அவற்றைக் கட்டவில்லை. கட்டப்பட்டு நிற்பதைக் கண்டு, அந்த இடத்துக்கு வரி கேட்காமல் ஒதுங்குகிறான். அரச ஆவணத்தின் பார்வையில் ஊர்த்தெய்வத்தின் இடம், குளத்தையும் சுடுகாட்டையும் போல, ஊர் வாழ்வதற்கு இன்றியமையாத பொது நிலம்.

1916இல் தென்னிந்திய ஊர்த்தெய்வங்களைப் பற்றி நூல் எழுதிய ஹென்றி வைட்ஹெட், கொள்ளைநோய் அச்சத்தையும் பலியையும் முன்னிறுத்தினார். அச்சம் ஒரு தெய்வத்தை விளக்கலாம், கோயிலை விளக்காது. அம்மை போன பிறகும் யார் கூரை வேய்ந்தார், யார் எண்ணெய் கொடுத்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கோயில் தோன்றும் விதத்திலும் அச்சத்தைவிட நிலமே முன்னிற்கிறது: குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதிய ஊரில் கோயில் எழுப்புவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவந்து, பீடம் அமையும் இடத்தில் இடுகிறார்கள். சிலை பிறகு வரலாம், வராமலும் போகலாம். நிலமே அங்கு முதல் மூர்த்தி.

பராமரிப்புக்கு வருவோம். டெல்டாவில் தை அறுவடை முடிந்து, மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் வரை வயல் ஓய்ந்திருக்கும். வாய்க்கால் தூர்வாருவதும் காப்புக் கட்டித் திருவிழா நடத்துவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நெல் கையில் இருக்கும்போதே கோயிலுக்கான தலைக்கட்டு வரி வசூலாகும். குளத்து மீன் ஏலமும் திடலில் நிற்கும் மரங்களின் ஏலமும் பொதுப்பணத்தில் சேரும். பூசாரிக்கும் மண்சிலை செய்யும் வேளாருக்கும் பறை அடிப்பவருக்கும் மானியமோ களத்து நெல்லோ இருந்தது. வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்தையும் கோயிலையும் தனித்தனித் தலைப்புகளில் எழுதிப் பழகிவிட்டோம். ஊர்க் கணக்கில் இரண்டும் ஒரே நோட்டில் இருந்தவை.

இந்த ஏற்பாடு பலமுனைகளில் தளர்ந்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம், ஊழிய மானியம் வைத்திருந்தவர் தொகை கட்டிக் கடமையிலிருந்து விலக வழி செய்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மர வருமானமும் சாய்ந்தது. இன்று வெளிநாட்டுச் சம்பளமும் அரசு நிதியும் கைகொடுக்கின்றன. அறநிலையத்துறை ஆண்டுதோறும் கிராமப்புறக் கோயில்கள் 1,250க்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிக் கோயில்கள் 1,250க்கும் தலா 2 லட்சம் ரூபாய் என்ற திட்டத்தை வகுத்தது. வரவேற்கத்தக்க உதவிதான். ஆனால் நன்கொடையாளர் பெயர் கல்லில் ஏறும் அளவுக்கு வரி கொடுத்தவரின் உரிமை மங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்து மட்டும் முடித்துவிட முடியாது. யாரிடம் வரி வாங்கினார்களோ அவர்களே ஊர். சேரியிடம் வாங்கவில்லை, உழைப்பை மட்டும் வாங்கினார்கள். ராஜராஜன் கல்வெட்டு சேரியைத் தனியே எண்ணிய அதே பிரிவு, ஊர்க் கணக்கு நோட்டிலும் தொடர்ந்தது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் கதவைத் திறந்தது; வரி நோட்டைத் திறக்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் தலித் மக்களின் வழிபாட்டுரிமைச் சிக்கலில் பூட்டி முத்திரையிடப்பட்டது. ‘ஊர்’ என்பது யார் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எல்லாத் தலைக்கட்டிடமும் சமமாக வரி வாங்கி, சமமாக மரியாதை தரும் கோயிலையே ஊர்க்கோயில் என்று அழைப்பது நியாயம்.

இக்கேள்விகளுக்கு விடை தரும் சான்றுகளே இன்று அழிகின்றன. குடமுழுக்கின்போது பழைய மண்பீடம் இடிக்கப்பட்டு கிரானைட் வருகிறது. வரவு செலவு நோட்டுகள் பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. கல்வெட்டு இல்லாத இக்கோயில்களுக்கு அந்த நோட்டுகளே கல்வெட்டு. திருவாரூர், தஞ்சை மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களை ஊர்தோறும் அனுப்பி, நாட்டாமைகளிடமும் பூசாரிகளிடமும் உள்ள நோட்டுகளைப் படியெடுக்க வேண்டும். அவற்றில் விடுபட்ட குடும்பங்களின் பெயரையும் கேட்டு எழுத வேண்டும்.