கழற்றாத பலகை

எங்கள் ஊரில் வீடு கட்டும் இடத்தால் போகும்போது ஒரு காட்சியை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொங்கிறீட் போட்டுச் சில நாள் கழிய, மேசன்மார் பலகைகளைக் கழற்றுவார்கள். பாதிப் பலகை உடைந்துபோகும். வாடகைப் பலகையென்றால் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. கொங்கிறீட் செலவில் ஒரு பெரிய பங்கு, கடைசியில் கழற்றி எறியும் பொருளுக்கே போகிறது.

"அந்தப் பலகையைக் கழற்றாமல் விட்டால் என்ன?" இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

மின்குமிழுக்காக நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் தோமஸ் அல்வா எடிசனுக்குச் சொந்தமாக ஒரு சீமெந்துத் தொழிற்சாலையும் இருந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்கு மலிவான வீடு கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். முழு வீட்டுக்கும் இரும்பு அச்சுப் பூட்டி, மேலிருந்து கொங்கிறீட்டை ஊற்றி, ஒரே வார்ப்பில் வீட்டை எடுப்பது அவருடைய திட்டம். 1908இல் விண்ணப்பித்த காப்புரிமை 1917இல் கிடைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் யூனியன் என்னும் ஊரில் இந்த முறையில் 11 வீடுகள் எழுந்தன. அவற்றில் பல நூறு வருடம் கடந்தும் நிற்கின்றன.

வீடு நின்றது, திட்டம் நிற்கவில்லை. காரணம் கொங்கிறீட் அல்ல, அச்சு. நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புத் துண்டுகளை வாங்கி, சுமந்து, பூட்டி, மறுபடி கழற்ற வேண்டும். அந்த முதலீட்டைப் போட எந்தக் கட்டுநர் முன்வருவார்? ஏழைக்கென்று யோசித்த வீடு அச்சின் விலையில் தடுக்கி விழுந்தது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சுவிட்சர்லாந்தில் மரச்சீவலையும் சீமெந்தையும் கலந்து உள்ளே பொள்ளலான கற்கள் செய்தார்கள். அடுக்கிவிட்டு உள்ளே கொங்கிறீட் ஊற்றினால் போதும், எதையும் கழற்றத் தேவையில்லை. பிறகு ஜேர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1950 அளவில் ஒரு வெள்ளை நுரைப்பொருளைக் கொண்டுவந்தது. எங்கள் பிள்ளைகள் கண்காட்சிக்கு வெட்டி ஒட்டும் ரெஜிபோம்தான் அது. அதில் ஏறக்குறைய 98 வீதம் காற்று. அடைபட்ட காற்று வெப்பத்தை இலகுவில் கடத்தாது என்பது ஏழாம் எட்டாம் வகுப்பு விஞ்ஞானம்.

இந்த இரண்டையும் சேர்த்தவர் கனடாவைச் சேர்ந்த வேர்னர் கிரெகோரி என்னும் கட்டட ஒப்பந்தக்காரர். 1966இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நுரைக்கல் 16 அங்குல உயரம், 48 அங்குல நீளம். ஒன்றோடொன்று கொளுவும் விளிம்பும், இரு பக்கத்தையும் பிடிக்கும் உலோக இணைப்பும் அதில் இருந்தன. பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டைபோல அடுக்கி, கம்பி கட்டி, நடுவில் கொங்கிறீட் ஊற்றினார்கள். எடிசனைத் தோற்கடித்த அச்சு இங்கே வீட்டின் போர்வையாக மாறிவிட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லோரையும் உறுத்தியது. அதன் பிறகே இப்படியான சுவர்களின் அருமை மெல்ல மெல்லப் புரிந்தது.

இனி எங்கள் பக்கம் வருவோம். கடன் எடுத்து, வாழ்நாளில் ஒரு தடவை வீடு கட்டுகிறவர்கள் நாங்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு "இதுதான் சேர் வெக்கைக்கு மருந்து" என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

எங்கள் நாட்டில் நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே நிற்கிறது. அதிக வெக்கை இறங்குவது கூரையால், சுவரால் அல்ல. தகரத்தையோ சீட்டையோ அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் போர்வை போடுவது, குடை பிடிக்காமல் மழைக்குச் சப்பாத்து மட்டும் போடுவது போன்றது. இந்தச் சுவரின் இலாபம் ஏசி ஓடும் மூடிய வீட்டில்தான் நன்றாகத் தெரியும். யன்னல் திறந்து காற்று வாங்கும் வீட்டில் குறைவு. கறையான் நுரையைத் தின்று வாழாது, ஆனால் அதற்குள்ளால் கண்ணுக்குத் தெரியாமல் பாதை போடும். நுரை தீயும் பிடிக்கும், ஆகவே உட்புறம் ஜிப்சம் பலகை போன்ற தடுப்பு கட்டாயம். கொங்கிறீட்டை ஒரேயடியாக ஊற்றினால் நுரை வெடித்துப் பிளக்கும், படிப்படியாக ஊற்றத் தெரிந்த மேசன் வேண்டும்.

அப்படியென்றால் இந்த வரலாறு எங்களுக்கு எதற்கு? கிரெகோரியின் கல்லை வாங்குவதற்கு அல்ல, அவருடைய கேள்வியை எடுத்துக்கொள்வதற்கு. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் எது கழன்று போகிறது, எது வீட்டோடு தங்கிக் குடும்பத்துக்கு உழைக்கிறது? கூரைக்குக் கீழே ஒரு சீலிங், மேற்குச் சுவருக்கு நீண்ட தாவாரம், வளவில் ஒரு வேம்பு. இவையும் கழற்றாத பலகைகள்தான்.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், பிளான் கீற முன்னர் இந்தக் கேள்வியை மேசனிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.