பறவையை அழைக்கத் தெரிந்தவர்கள்: ஒரு வேட்டைக் குரலின் வரலாறு

வாத்துக் குழல் என்று ஒரு பொருள் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சின்ன ஊதல். ஊதினால் வாத்து கத்துவதுபோல் சத்தம் வரும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கிக்கு அடுத்தபடி இதற்குத்தான் அதிகம் யோசிப்பார்கள். நல்ல குழல் எது, மரமா பிளாஸ்டிக்கா, ஒற்றை நாக்கா இரட்டை நாக்கா என்று அவர்களிடையே பெரிய விவாதமே உண்டு.

சமூகநீதி பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். பறவையைக் குரல் கொடுத்து வரவழைக்கும் கலை நம் ஊரிலும் உண்டு. அங்கே அந்தக் கலைக்குக் கடையும் கம்பெனியும் போட்டியும் பரிசும் கிடைத்தன. இங்கே அதே கலை தெரிந்தவர்களுக்குக் கிடைத்தவை வழக்கும் விரட்டலும் கேலியும். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் நாம் பேச வேண்டிய வரலாறு.

நல்ல குழல் எது?

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். வாத்துக் குழலில் ஒரு உடல், அதற்குள் செருகிய ஒரு துண்டு, அந்தத் துண்டின் மேல் மெல்லிய நாக்கு. ஊதும்போது நாக்கு அதிர்ந்து சத்தம் எழுகிறது. நாதஸ்வரத்தின் சீவாளி தெரிந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஒற்றை நாக்குக் குழலில் பல வகைக் குரல்களைக் கொண்டுவர முடியும், ஆனால் பழக நாளாகும். இரட்டை நாக்குக் குழல் புதியவருக்கும் ஓரளவு கைகொடுக்கும். மரக்குழலின் ஒலி மென்மையானது, கிட்டத்தில் இருக்கும் பறவைக்கு ஏற்றது. அக்ரிலிக் குழலின் ஒலி கூர்மையானது, காற்றடிக்கும் திறந்த நீர்ப்பரப்பிலும் தூரம் போகும். பிலிப் ஓல்ட் என்பவர் இல்லினாய் மாநிலத்தில் 1904-ல் குழல் செய்து விற்கத் தொடங்கினார். அவர் பெயர் இன்றும் அந்தத் தொழிலில் நிற்கிறது.

ஆனால் இந்தக் குழலைக் கொண்டுவந்து சிங்காநல்லூர் குளக்கரையிலோ உக்கடம் பெரியகுளத்திலோ ஊதினால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான குழல்கள் மல்லார்ட் என்ற வாத்தின் பெட்டையைப்போல் கத்துகின்றன. தமிழ்நாட்டில் அந்த வாத்தைக் காண்பதே அரிது. நம் குளங்களில் இருக்கும் புள்ளிமூக்கு வாத்து அதற்கு நெருங்கிய உறவு. அதன் குரல் மட்டும் ஓரளவு ஒத்துப்போகும். சீழ்க்கைச் சிறகி பெயருக்கேற்பச் சீழ்க்கையடிக்கும். குளிர்காலத்தில் வடக்கே இருந்து வரும் நீலச்சிறகியின் ஆண் கரகரவென்று இழுக்கும். ஊசிவால் வாத்தின் ஆணும் மெல்லிய சீழ்க்கைதான் எழுப்பும். ஒவ்வொன்றுக்கும் வேறு குரல். ஒரே பறவைக்கும் இரை கண்டால் ஒரு குரல், துணையைத் தேடினால் ஒரு குரல், ஆபத்தென்றால் ஒரு குரல்.

ஆக, எந்தக் குழலையும் விட முக்கியமானது எந்தப் பறவை, எந்த நேரத்தில், எதற்காக, எப்படிக் கத்தும் என்ற அறிவு. அந்த அறிவு இருந்தால் குழலே வேண்டாம், தொண்டை போதும். தமிழ் மண்ணில் அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் முதன்மையானவர்கள் நாம் நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் அழைக்கும் மக்கள். அவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பேசும் வாக்ரிபோலி இந்தோ ஆரியக் குடும்பத்து மொழி. குறவர் சமூகமும் இவர்களும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நம் தோழர்களே பல நேரம் கவனிப்பதில்லை.

‘பார்வை’ என்ற பழைய சொல்

பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிப்பதும் மானைக் காட்டி மானைப் பிடிப்பதும் தமிழில் மிகப் பழைய செய்தி. அப்படிப் பழக்கி வைத்த விலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை விவரிக்கும்போது விளாமரத்தில் கட்டிவைத்த பார்வை மானைக் காட்டுகிறது. கொங்குக் காடுகளில் கவுதாரி பிடித்த முறையும் இதுவே. பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டிவிடுவார்கள். கூண்டுப் பறவை கூவும். எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவரும், கண்ணியில் கால் மாட்டும். மேற்கே ஏரிகளிலும் ஆறுகளிலும் இதையே வாத்தை வைத்துச் செய்தார்கள். அமெரிக்கா உயிருள்ள பார்வை வாத்துகளைப் பயன்படுத்துவதை 1935-ல்தான் தடை செய்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் குருவிக்காரர் பற்றிய பகுதி உண்டு. நரியைப்போல் ஊளையிட்டு நரியை வரவழைக்கும் அவர்கள் திறமையை அதில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்தத் தொகுதிகளில் திறமை எப்படி வருகிறது என்று பாருங்கள். அறிவாக அல்ல, விநோதமாக வருகிறது. உடல் அளவும் உடைவழக்கமும் உணவுப் பழக்கமும் சொல்லப்படும் அதே பட்டியலில் அதுவும் ஒரு வரி. ஐரோப்பியர் எழுதிய வேட்டைப் பறவை நூல்கள் தனிவகை. அங்கே வாத்துகளுக்கு வண்ணப்படங்கள் உண்டு, சுட்ட துரைகளுக்குப் பெயர் உண்டு. சேற்றில் இறங்கி விழுந்த பறவையை எடுத்துவந்தவருக்குப் பெயர் இல்லை. ‘சிகாரி’, ‘கூலி’ என்ற இரண்டு சொற்களில் அவர் கதை முடிந்துவிடும்.

யாருடைய வேட்டை, யாருடைய குற்றம்?

காலனிய அரசு வேட்டையை இரண்டாகப் பிரித்தது. துரைமார் செய்தால் விளையாட்டு. வயிற்றுக்காகச் செய்தால் திருட்டு. கோவைக்குப் பக்கத்து நீலகிரியில் 1877-ல் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-ல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882-ன் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் அனுமதியின்றி வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் தடுத்தது. 1912-ன் காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வாத்தும் கவுதாரியும் காடையும் சேர்ந்தன. அவற்றுக்கு வேட்டை மூடிய பருவம் வகுக்க வழி பிறந்தது.

இந்தச் சட்டங்களில் பறவைக்கு நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உரிமக் காகிதம் யார் கைக்கு எளிதில் வரும்? எழுத்தறிந்தவன் கைக்கு, நிலையான முகவரி உள்ளவன் கைக்கு, அதிகாரியோடு ஒரே மேசையில் உட்காரக்கூடியவன் கைக்கு. கூடாரத்தோடு ஊர் ஊராய் நகர்கிறவர் கைக்கு வராது. அதே காலத்தில் 1911-ன் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்தில் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. நாடோடியாக வாழ்வதே சந்தேகத்துக்குரியது என்ற எண்ணத்தை அது அரசின் பழக்கமாக்கியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல் போனது. காவல் நிலையத்தின் சந்தேகம் போகவில்லை.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பிரிவினை தொடர்ந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சிறு வேட்டைக்கு உரிமம் தரும் ஏற்பாட்டை வைத்திருந்தது. 1991 திருத்தம்தான் அதை மூடியது. இந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது, முயற்சி செய்வது எல்லாமே வேட்டை. எனவே இன்று நம் நாட்டில் காட்டு வாத்தைப் பிடிக்க நல்ல குழல் எது என்ற கேள்விக்குச் சட்டப்படி ஒரே பதில்தான்: எதுவும் இல்லை.

இந்தத் தடை வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. குளங்கள் சுருங்கிவிட்டன, நொய்யலில் சாயக்கழிவும் சாக்கடையும் ஓடியிருக்கின்றன, பறவைகளுக்கு இடம் குறைந்துவிட்டது. ஆனால் குளத்தைச் சுருக்கியவர் யார்? கண்ணி கட்டியவர் அல்ல. தடையின் விலையை முழுக்கக் கொடுத்தவர் மட்டும் அவர்தான். விளையாட்டுக்குச் சுட்டவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்குக்குப் போனார். பிழைப்புக்குப் பிடித்தவர் ஊசிமணி, பாசிமணி கோத்துப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தார்.

அதே கை, வேறு காகிதம்

சிலர் சொல்வார்கள்: சட்டம் வந்தால் தொழில் போகத்தான் செய்யும், என்ன செய்ய முடியும்? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன.

முதல் சான்று கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலி தலைமையில் 1959-ல் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும், சிறகு ஒன்றும் கெடக்கூடாது. அதற்குப் பீகாரின் மீர்சிகார் என்ற பரம்பரைப் பறவை பிடிப்பாளர்களை அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் அலி உசேன் என்பவர் கோடியக்கரையில் வேலை செய்து, பறவை ஆய்வாளர்கள் மரியாதையோடு பேசும் பெயரானார். அதே கண்ணி, அதே குரல், அதே கை. காகிதம் மட்டும் மாறியது, குற்றம் அறிவியலானது.

இரண்டாவது சான்று இருளர். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்காகப் பிடித்தவர்கள் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடத் தொடங்கினார்கள். அந்த விஷத்திலிருந்து விஷமுறி மருந்து தயாராகிறது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

வாக்ரி மக்களுக்கு அப்படி ஒன்று ஏன் நடக்கவில்லை? 1990-ல் தொடங்கப்பட்ட இந்தியாவின் பறவையியல் மையம், சாலிம் அலி பெயரிலேயே, நம் கோவை ஆனைகட்டியில் இருக்கிறது. ஈரோடு வெள்ளோடும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயங்கள்; முன்னது 2022-லும் பின்னது 2024-லும் ராம்சார் பட்டியலில் ஏறின. பறவையைக் குரலாலேயே அடையாளம் காணும் மக்கள் இந்த மாவட்டங்களின் தெருக்களில் மணி விற்கிறார்கள். பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போகிற நாமும் அவர்களைக் கேட்டதில்லை. இந்தக் குறையை நம்மிடமிருந்தே தொடங்கிச் சொல்ல வேண்டும்.

காரணம் எளிது. அறிவு யாரிடம் இருக்கலாம் என்பதை நம் சமூகம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. பறையடித்தவர் கையில் இருந்த தாளத்தை இசையென்று ஒப்புக்கொள்ள எத்தனை காலமானது? தோலைப் பதப்படுத்திய அருந்ததியரின் கைவேலையை வேதியியல் என்று எந்தப் பாடப்புத்தகம் சொன்னது? சினிமாவில் நரிக்குறவர் வேடம் கொண்டாட்டமாகவே வந்திருக்கிறது. 1968-ல் ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடத்தில் ஆடினார்கள். வேடத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆளுக்குக் கிடைத்தது வேறு. 2021-ல் மாமல்லபுரத்தில் ஒரு நரிக்குறவப் பெண் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டார். 2023-ல் சென்னையில் டிக்கெட் கையில் இருந்தும் ஒரு குடும்பம் திரையரங்கு வாசலில் மறிக்கப்பட்டது.

இப்போது நம் கையில் இருப்பது

லோகூர் குழு 1965-லேயே இம்மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நடந்தது எப்போது? 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ 57 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அதனால் பந்தியில் அவமதிக்கப்பட்டபோது 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. இப்போது நிற்கும். மாணவத் தோழர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி ஒரு வாக்ரி குடும்பம் புகார் கொடுக்கப் போனால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கூட நிற்க வேண்டியவர்கள் நாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2006-ன் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய உரிமைகள் பலவற்றை ஏற்கிறது. ஆனால் வேட்டையையும் பொறி வைப்பதையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. அலாஸ்காவின் பூர்வகுடிகள் உணவுக்காக வசந்த காலத்தில் பறவை பிடிக்கும் வழக்கத்தை ஏற்று, அமெரிக்காவும் கனடாவும் தங்கள் பறவை ஒப்பந்தத்தையே 1990களில் திருத்தின. நாம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. பிடிக்கும் உரிமையை எடுத்துக்கொண்ட அரசு, அந்த அறிவுக்கு ஒரு வேலையையாவது திருப்பித் தரட்டும் என்கிறோம்.

என்ன வேலை? சரணாலயங்களில் பறவைக் கணக்கெடுப்பு, வலசைப் பறவை ஆய்வில் பயிற்சி பெற்ற பிடிப்பாளர், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளக்கரை வழிகாட்டி. தினக்கூலியாக அல்ல, பதவியும் ஊதியமும் உள்ள வேலையாக. கூடவே, சாதிச் சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களோடு தாலுகா அலுவலகத்துக்குப் போக ஒரு துணை. இதில் கடைசி வேலைக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. பேருந்து நிலையத்தில் மணி விற்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் போதும்.

பேசும்போது கேட்டுப் பாருங்கள்: கவுதாரி எப்படிக் கூவும், ஐயா? நரி எப்படி ஊளையிடும்? அவர் தொண்டையிலிருந்து எழும் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு நூலகம் இருக்கிறது. அதைப் பதிவு செய்தால் அவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். அவர் அனுமதியோடு செய்யுங்கள். தர்ஸ்டன் செய்யாமல் விட்டது அதைத்தான்.