தொலைபேசிக் கம்பியும் அலுவலகப் படிநிலையும்

பழைய அரசு அலுவலகமொன்றின் படிநிலையை அறியக் கோப்புகளைப் புரட்டுகிறோம். தொலைபேசி இணைப்புகளும் அதற்குச் சான்றாகும்.

1984இல் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. சந்தாதாரர் பயன்படுத்தும் தொலைபேசிக் கருவிகளைத் தயாரிக்கத் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் சி-டாட் தொடங்கப்பட்டது. அது வடிவமைத்த 128 இணைப்புகள் கொண்ட இ.பி.ஏ.பி.எக்ஸ். பின்னர் அலுவலகங்களுக்கு வந்தது.

அதுவரை பல அலுவலகங்களில் வெளி அழைப்புகள் ஆபரேட்டரின் கை வழியே சென்றன. புதிய முறைக்காக மேசைதோறும் ஓர் இணை செப்புக் கம்பி இழுக்கப்பட்டது. எழுத்தருக்கும் இயக்குநருக்கும் ஒரே வகைக் கம்பிதான்.

ஆயினும் சமத்துவம் வந்துவிடவில்லை. எந்த எண்ணிலிருந்து எஸ்.டி.டி. பேசலாம், எது உள்ளூரோடு நிற்கவேண்டும், எது அலுவலகத்துக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பதெல்லாம் இயந்திரத்தில் முன்கூட்டியே பதியப்பட்டன. ஆபரேட்டரிடம் அவசரத்தைச் சொல்லி இணைப்புக் கேட்கலாம். இயந்திரத்திடம் கேட்க வழியில்லை. படிநிலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் கருவி வந்த ஆண்டைக் குறிப்பதோடு நின்றுவிடலாகாது. அதற்குள் பதியப்பட்ட அனுமதிப் பட்டியலையும் ஆவணமாக வாசிக்கவேண்டும்.